இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாயில் மருமகனுக்கு ஒரு அடுப்படி

அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தப் பழைய விளையாட்டு அடுப்படியை இறக்கி வைத்ததும் மருமகன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். அடுப்பு, குழாய், ஓவன் என்று ஒவ்வொன்றையும் தொட்டான். எல்லாக் கதவையும் திறந்து மூடினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "கிரைண்டர் எங்க மாமா?" என்றான்.

நாலு வயசுக் குழந்தை கேட்டதில் முழு நியாயம் இருந்தது. நாங்கள் இருப்பது கோயமுத்தூர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அவன் பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். "வெச்சுத் தர்றேன் சாமி" என்று சொன்னேன். ரோஸ் நிறத்தை மாற்றி வெள்ளை அடித்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்த வேலை, அந்த ஒரு கேள்வியில் மாறிப்போனது. செல்போனில் பார்க்கும் வெள்ளையும் தங்கமுமான அடுப்படியை விட்டுவிட்டு, அவன் வீட்டு அடுப்படியையே அவன் உயரத்துக்குச் செய்வது என்று முடிவெடுத்தேன். பழைய விளையாட்டு அடுப்படியைப் புதுசாக்க நினைக்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வதும் இதுதான். கடைக்குப் போவதற்கு முன் குழந்தையை உங்கள் அடுப்படியில் நிறுத்தி, எதையெல்லாம் பார்க்கிறது என்று கவனியுங்கள்.

இங்கே கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. இரும்பு வேலை கைப்பழக்கம் உண்டு. பெயின்ட் வேலையை இதில்தான் கற்றுக்கொண்டேன். லேத்தில் செய்ததாக நான் சொல்கிற எதற்கும் உங்களுக்கு லேத் தேவைப்படாது.

வாங்கும்போது

சரவணம்பட்டியில் ஒரு குடும்பம் வீடு காலி செய்துகொண்டு பெங்களூரு போனார்கள். அவர்களிடம் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஆட்டோவுக்கு 180. சுமார் 90 சென்டிமீட்டர் உயரம், 60 அகலம், 30 ஆழம். அமுக்கிய மரத்தூள் பலகை, மேலே ரோஸ் நிற லேமினேட். ஒரு அடுப்புத் திருகு காணோம். ஓவன் கதவின் கீல் ஆடிக்கொண்டிருந்தது. அடிப்பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் அதன் காலில்தான் போய் நின்றிருக்கிறது.

இப்படி அடி மட்டும் ஊதியிருந்தால் தைரியமாக வாங்கலாம். ஊதிய இடத்தை அறுத்துவிட்டு மரச்சட்டம் வைத்துவிடலாம். நடுப்பலகையும் மேல்பலகையும் ஊதியிருந்தால் விட்டுவிடுங்கள். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் மழைக்காலத்தில் திரும்பி வரும்.

அடுத்தது ஐஎஸ்ஐ முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். அதற்கு முந்தியதாக இருந்தால் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அதில் என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பது தெரியாது, ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பழைய பெயின்ட் உள்ள இடத்தைக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது. பட்டறையில் 'வாட்டர் பேப்பர்' என்று சொல்கிற தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. வழிகிற சேற்றைத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் எறிந்துவிட வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது.

பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் அடுப்பு விளக்குக்குப் பொத்தான் பேட்டரி போட்டிருந்தது, மூடியில் ஸ்க்ரூவும் இல்லை. அக்காவுக்குப் பத்து மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிற வயசு. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். நான் அந்த விளக்கை மொத்தமாகக் கழற்றி எடுத்துவிட்டேன். விளக்கு எரியவில்லை என்று மருமகன் இன்று வரை கேட்கவில்லை.

கழற்றுவது, கழுவுவது

கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்கப் பழைய இட்லித் தட்டைப் போல ஒரு பொருள் கிடையாது. ஒரு குழிக்கு ஒரு கதவின் ஸ்க்ரூ என்று போட்டேன், ஒன்றுகூடக் கலக்கவில்லை.

பழைய ஸ்டிக்கர்களை முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். பிசின் மிச்சம் நின்ற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டால் உருண்டு வந்துவிடும். ஆனால் எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு தடவை துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மரத்தூள் பலகையைக் குழாயடியில் வைத்து மட்டும் கழுவாதீர்கள். பிழிந்த துணி போதும்.

ஊதிய அடிப்பாகத்தில் ஐந்து சென்டிமீட்டரை வாளால் அறுத்து எடுத்துவிட்டு, பட்டறையில் கிடந்த ரீப்பர் கட்டையை அதே உயரத்துக்கு வெட்டி உள்பக்கமாக ஸ்க்ரூ போட்டேன். தூசிக்கு முகக்கவசம் அவசியம். அறுத்த விளிம்பு பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும். பெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அந்த விளிம்பில் இரண்டு தடவை பூசிக் காயவிட்டால் அடைத்துக்கொள்ளும். கட்டைக்கு அடியில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் நான்கு வைத்தேன். இனி துடைக்கிற தண்ணீர் பலகையைத் தொடாது. அடுப்பு மேடையும் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து, மருமகனின் முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மேடை அந்த உயரத்தில் இருந்தால்தான் குழந்தை குனியாமல், எட்டாமல் நின்று விளையாடும்.

ஆடிய கீலின் ஸ்க்ரூ ஓட்டைகளில் தீக்குச்சிகளை மருந்து நீக்கிப் பெவிகாலில் தோய்த்து அடைத்தேன். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் புது ஸ்க்ரூ போட்டதும் கீல் கல் மாதிரி நின்றது.

கீல் பக்கத்து இடைவெளியைச் சும்மா கண்ணால் பார்த்துவிட்டு விடாதீர்கள். 5 மில்லிமீட்டர் கம்பி நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லை 12 மில்லிமீட்டர் கம்பி தாராளமாகப் போய் வரும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பிஞ்சு விரல் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். நான் இரண்டு ட்ரில் பிட்டை விட்டுச் சோதித்தேன்.

பெயின்ட்: இதில்தான் தப்புச் செய்தேன்

பட்டறையில் மெஷினுக்கு அடிக்கிற பெயின்ட் அரை டின் மிச்சம் இருந்தது. நல்ல பச்சை, ஓசி வேறு. எடுக்கக் கை போனது. நல்லவேளை, எடுக்கவில்லை. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயின்டுக்குத்தான். தொழிற்சாலைப் பெயின்டை அது கட்டுப்படுத்தாது. ஆகவே பட்டறை, வண்டி, மெஷின் சம்பந்தப்பட்ட எந்த மிச்சப் பெயின்டும் குழந்தையின் பொருளுக்கு வேண்டாம். ஹார்டுவேர் கடையில் தண்ணீரில் கலக்கும் எனாமல் கேளுங்கள். டின்னில் ஈயம் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இனி நான் செய்த தப்பு. முதல் கதவுக்கு அவசரப்பட்டு, தேய்க்காமல், ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு இல்லாமல் நேராக எனாமலை அடித்தேன். காய்ந்ததும் அருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மருமகன் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். பால் ஏடு மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வழவழப்பான லேமினேட்டில் பெயின்ட் பிடித்து நிற்க இடமே கிடையாது. சும்மா மேலே படுத்திருக்கும்.

அதனால் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பலகை தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு செத்து, வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் போதும். மூலைகளில்தான் பளபளப்பு ஒளிந்திருக்கும், அங்கே தாளை மடித்துத் தேயுங்கள். ஈரத்துணியால் தூசி துடைத்துவிட்டு ப்ரைமர். லேமினேட் மேல் பிடிக்கும் என்று டின்னில் எழுதியிருக்கிற ப்ரைமராகப் பார்த்து வாங்குங்கள். இந்த ஒரு பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முழுசுக்கும் அடிப்பதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ப்ரைமரும் பெயின்டும் அடித்து, இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் பிளேடால் நெருக்கமாக ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறி, அதன்மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் வேலையைத் தொடங்கலாம். டேப்போடு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். என் இரண்டாவது முயற்சியில் ஒரு கட்டம்கூட வரவில்லை.

பரந்த இடத்துக்கு நாலு இஞ்ச் ரோலர், மூலைக்குச் சின்ன பிரஷ். ஒரே தடவையில் மூட நினைக்காமல் மெல்லிசாக அடியுங்கள். முதல் கோட்டில் ரோஸ் நிறம் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும், பார்க்கட்டும். டின்னில் சொன்ன நேரம் காயவிட்டு, 320 நம்பர் தாளால் லேசாக ஒரு தடவு தடவி, இரண்டாவது கோட். எனக்கு ஓவன் கதவுக்கு மட்டும் மூன்றாவது கோட் தேவைப்பட்டது.

இடத்தையும் யோசியுங்கள். நான் செய்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொட்டை மாடியில் என்ன பாடு படுத்தும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரப் பெயின்டில் மண்ணும் வேப்பம்பூவளவு குப்பையும் வந்து ஒட்டியது. எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் இறக்கிக்கொண்டு வந்து மறுபடி தேய்த்து அடித்தேன். காற்றோட்டம் வேண்டும், நேர்க்காற்று ஆகாது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். எனாமல் உள்ளே இறுகக் குறைந்தது ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை நான் கிரைண்டருக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

கிரைண்டர்

எல்லாவற்றிலும் மனதுக்கு நெருக்கமான வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கையால் தள்ளினால் டப்பா நின்று நிதானமாகச் சுற்ற வேண்டும். அதற்கு ஒரு பேரிங் வேண்டும். சில வருஷம் முன்பு பிள்ளைகள் எல்லாம் விரலில் வைத்துச் சுழற்றிய ஸ்பின்னர் இருக்கிறதே, அதன் நடுவில் பெரும்பாலும் 608 நம்பர் பேரிங்தான் இருக்கும். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. உடைந்த ஸ்பின்னர் ஒன்று பக்கத்து வீட்டில் கிடைத்தது.

பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நட்டநடுவில் 8 மில்லிமீட்டர் ஓட்டை. ட்ரில் போட்டதும் விளிம்பில் பிசிறு நிற்கும். அரம் போட்டு, விரலை வைத்துப் பார்த்தால் சுகமாக இருக்கும் வரை தேய்க்க வேண்டும். எட்டு எம்எம் போல்ட்டை டப்பாவுக்குள்ளிருந்து கீழே இறக்கி, ஒரு சின்ன வாஷர், அதன் கீழ் பேரிங், அதன் கீழ் நைலான் வளையம் வைத்த நட். வாஷர் பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும். வெளிவளையத்தைத் தொட்டால் டப்பா சுற்றாது. 13 நம்பர் ஸ்பேனரால் இறுக்கிவிடுங்கள்.

அடிக்கட்டைக்கு ஒரு இஞ்ச் கனமுள்ள மரத்துண்டு. அதில் 22 மில்லிமீட்டர் அகலத்தில் 7 ஆழத்துக்கு ஒரு குழி, அதன் நடுவே நட் இறங்கி நிற்க 18 மில்லிமீட்டரில் கீழ்வரை ஓட்டை. சேர்த்து இறுக்கிய டப்பாவைப் பேரிங்கோடு குழியில் இறக்கி, பேரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றி மட்டும் அரால்டைட் தடவி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். பசை பேரிங்குக்குள் போய்விட்டால் எல்லாம் வீண். தீக்குச்சி நுனியால் தடவுங்கள்.

குழவிக்கல்லுக்கு ஒரு மரப்பம்பரம். ஆணியைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்ததும் சாம்பல் நிறம் அடித்தேன். டப்பாவைச் சுற்றிவிட்டால் பம்பரம் சுவரில் உரசிக்கொண்டு தானும் உருளும். ஒரு 'கரகர' சத்தம் வரும் பாருங்கள், அக்கா உள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாவுக்கு என் பழைய வேட்டியைக் கிழித்த கீற்றுகள்.

அதே வேட்டியில்தான் தோசையும். இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றை டீத்தண்ணீரில் ஊறவைத்துச் சிவக்கவைத்து, இரண்டையும் முதுகோடு முதுகு தைத்துக் கொடுத்தாள் அக்கா. வெள்ளைப் பக்கம் மேலே தெரியக் கல்லில் போட்டுத் திருப்பினால் முறுகிய பக்கம். தோசைக்கல்லுக்கு ஒரு பிளைவுட் வட்டம், மங்கலான கறுப்பு.

மீதி வேலைகள்

மேடைக்கு அக்கா வீட்டுக் கிரானைட் மாதிரியே கறுப்புப் புள்ளி போட்ட ஒட்டுத்தாள். சோப்புத் தண்ணீர் லேசாகத் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்யலாம். காலாவதியான ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். காணாமல்போன திருகுக்குப் பட்டறையில் மரத்தில் ஒன்று கடைந்தேன். கடைச்சல் வசதி இல்லாவிட்டால் அலமாரிக் கைப்பிடிக் குமிழ் ஒன்று அதே வேலையைச் செய்யும்.

பாத்திரம் எதுவும் வாங்கவில்லை. அக்காவின் சின்ன வயசு எவர்சில்வர் சொப்புச் சாமானை அம்மா பரணில் துணியில் முடிந்து வைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு அப்புறம் முடிச்சை அவிழ்த்தபோது அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவற்றில் 3.2 சென்டிமீட்டருக்குக் குறைவான மூடி, கரண்டி எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைத்தோம். மூன்று வயசுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையில் அடைக்கிற அளவு அது. கைக்குழந்தைக்கு வயசு வந்ததும் அவை திரும்பி வரும்.

கேஸ் சிலிண்டரும் செய்து வைக்கலாமே என்றார் மாமா, அக்காவின் கணவர். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரெகுலேட்டரைத் திருகுவது விளையாட்டு என்று ஒரு குழந்தை பழகவே கூடாது. லைட்டரும் வைக்கவில்லை. பையனுக்கு எதற்கு அடுப்படி என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கேட்டார். அவன் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் சமைக்கிறார், அதைப் பார்த்து வளர்கிறவன் வேறு எதை வைத்து விளையாடுவான்?

கடைசியாக ஒரு வேலை, விட்டுவிடாதீர்கள். இரண்டு எல் ஆங்கிளை முதுகில் வைத்து, சுவரில் பிளாஸ்டிக் கிரிப் அடித்து ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். கைக்குழந்தை ஓவன் கதவைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகுகிறது. சுவரோடு பிணைக்காவிட்டால் அந்த எடை முழுக்க அதன் மேல் சாய்ந்துவிடும்.

செலவுக் கணக்கு: ப்ரைமர் 240, வெள்ளை எனாமல் 260, பச்சை 130, உப்புத்தாள் 60, ரோலர் 80, மாஸ்கிங் டேப் 40, எம்-சீல் 40, கீல் 60, எல் ஆங்கிள் 20, புஷ் 20, ஸ்க்ரூ 30, ஒட்டுத்தாள் 160. ஆக 1,140 ரூபாய். அடுப்படி விலையும் ஆட்டோவும் சேர்த்து 2,520. பசை, கறுப்பு, சாம்பல் பெயின்ட் எல்லாம் வீட்டில் திறந்த டின்னில் இருந்தவை. வேலை நாலு ஞாயிற்றுக்கிழமை.

மாதம் ஒரு முறை எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிப் பார்க்கிறேன். போன வாரம் அதற்காகப் போனபோது மருமகன் கிரைண்டருக்குள்ளிருந்து வேட்டிக் கீற்றுகளை வழித்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். "மாவு ஆட்டியாச்சு மாமா. புளிக்க வெக்கப் போசி வேணும். பெரிசா வேணும், பொங்கும்ல" என்றான். மூடி போட்ட ஒரு போசி தேடிக்கொண்டிருக்கிறேன்.